ஏழாம் நம்பர் மலை முனி

குளவிமலைத் தேயிலைத் தோட்டத்தில் தெய்வங்களுக்குக் குறைச்சலே கிடையாது. கோயிலில் மாரியம்மா இருக்கிறாள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எந்திரச் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி. செடி வெட்டும் காலத்தில் கத்தி காலில் படாமல் பார்த்துக்கொள்ளக் கவ்வாத்துச்சாமி. எல்லாம் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்க்கிற தெய்வங்கள். ஏழாம் நம்பர் மலையில் இருக்கிற முனி மட்டும் வேறு மாதிரி. அது பெண்களை மட்டும்தான் அடிக்கும்.

அதிலும் வயது பார்க்கும். கிழவிகள் உச்சிப்பொழுதில் தனியாகப் போய் விறகு பொறுக்கினாலும் ஏறெடுத்துப் பார்க்காது. ஆம்பளை அடிபட்டதாகச் சரித்திரமே இல்லை. தவறணையில் குடித்துவிட்டு அந்த மலையில் விழுந்து கிடந்தவர்கள்கூட விடிந்ததும் எழுந்து, தலைப்பாகையைத் தேடி எடுத்துக்கொண்டு சுகமாக வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முனி அடிக்காது, தோட்டத்துக்கு லீவு. கண்டாக்கையா, அதாவது மலை வேலை முழுவதையும் மேய்க்கிற உத்தியோகத்தர், ஒரு தடவை மஞ்சள் காமாலை வந்து மாசக்கணக்கில் படுத்துவிட்டார். அத்தனை நாளும் முனி விரதம் இருந்தது. அவர் எழுந்து பத்தியக் கஞ்சி குடித்து, சப்பாத்து மாட்டிக்கொண்டு மலை ஏறிய வாரமே முனியும் விரதத்தை முடித்துக்கொண்டது.

"முனிக்கும் ஐயாவுக்கும் ஒரே ஜாதகம்டி" என்று பேச்சியம்மா மட்டும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தைக் கழுவிக்கொண்டே சொல்வாள். பேச்சியம்மாவுக்கு வாய் நீளம் என்று பேர் ஆகிவிட்டதால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. காதில் வாங்காத மாதிரி நிற்பதில் குளவிமலைக்காரர்கள் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள்.

முனியை ஒட்டிப் பல நல்ல பழக்கங்கள் வளர்ந்துவிட்டிருந்தன. ஏழாம் நம்பருக்கு ஏறும் பெண்கள் வளைவு வந்ததும் "ஓ...ஓ..." என்று கூவ வேண்டும். கீழேயிருந்து இன்னொருத்தி திருப்பிக் கூவினால்தான் மேலே கால் வைப்பது. தனியாக இருந்தால் ஓடையைச் சுற்றிப் போவது. சுற்றிப் போய்க் கொழுந்து நிறுக்கப் பிந்தினால் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது. பெரியமனுஷியான பிள்ளைக்கு முதலில் முனிக் கயிறு, அப்புறம்தான் சேலை. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடித்து முடித்ததும், "புள்ளய முனி கினி அடிச்சதில்லையே?" என்று கேட்பது மரியாதையாகவே ஆகிவிட்டது. அடித்திருந்தால் இரண்டாந்தாரமாகக் கொடுத்துவிடலாம். அதற்கென்றே கொத்மலைப் பக்கம் பெண்சாதி செத்தவர்கள் காத்திருந்தார்கள். துரைசாணி அந்த வளைவையும் முனியின் சூலத்தையும் படமாக வரைந்து பங்களாச் சுவரில் மாட்டியிருந்தாள். யூனியன்கூட முனிக்காகப் போராடியது. முனி பூசைக்கு அரைநாள் லீவு வேண்டும் என்று வேலை நிறுத்தம் செய்து வென்ற பெருமை தலைவர் பழனியாண்டிக்கு உண்டு.

இத்தனைக்கும் அந்த முனிக்கு வயது பதினேழுதான். அது பிறந்தபோது பக்கத்திலிருந்தவள் அம்மாக்கண்ணு.

நாற்பத்தெட்டில், இலங்கையில் வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறியது என்று ஸ்டோர் வாசலில் மிட்டாய் கொடுத்த வருஷம். அம்மாக்கண்ணுக்கு அப்போது கையில் நாலு வயதுப் பிள்ளை. காலைப் பெரட்டில் எல்லாருக்கும் வேலை பிரித்துக்கொண்டிருந்த கண்டாக்கையா கைத்தடியை அவள் பக்கம் நீட்டி, "ஏழாம் நம்பர் ஒரக்காம்பராவைக் கூட்டணும். ஒரு ஆளு போதும்" என்றார். உரமூட்டை அடுக்கும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் அவள் விளக்குமாற்றோடு போனாள். வரும்போது விளக்குமாறு இல்லை. வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு வந்து அவள் மறைக்காமல் சொன்னாள். மாமியாரிடம் சொன்னாள், புருஷன் மூக்கனிடம் சொன்னாள், பெரிய கங்காணி வீட்டு வாசலில் நின்று எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: "கண்டாக்கையா என்னைக் கெடுத்துப்புட்டாரு."

கோயிலடியில் பஞ்சாயத்து கூடியது. பெரிய கங்காணி வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டு, அவள் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்.

"தாயி, ஐயா அந்த நேரம் ஆபீசுல இருந்தாரு. ஐயாவே சொல்றாரு. நீ பாத்தது அவரில்ல. முனி. அந்த மலையில ஆதியிலருந்தே ஒரு முனி இருக்கு. அது ஐயா ரூபத்துல வரும். ஐயா மாதிரியே பேசும். 'நான்தான் கண்டாக்கு'ன்னுகூடச் சொல்லும். நம்பிறப்படாது."

"காக்கிச் சட்டை போட்டுக்கிட்டா முனி வரும்?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

"ரூபம்னு சொன்னா சட்டையும் சேத்துத்தான்" என்றார் கங்காணி.

அடுத்த வெள்ளிக்கிழமையே வளைவில் மூன்று கல்லும் ஒரு சூலமும் முளைத்தன. சூலமும் முதல் சேவலும் கண்டாக்கையா உபயம். பூசாரி வேலை மூக்கனுக்குக் கிடைத்தது. அதற்குமுன் அவனுக்கு உடுக்கையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. சேவல் தலையும் அரைப்போத்தல் சாராயமும் பூசாரி பங்கு என்று ஆனதும் அவன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். அன்றிலிருந்து அவன் தன் பெண்சாதியின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. பக்தி என்று ஊர் சொன்னது.

அம்மாக்கண்ணும் அதற்கப்புறம் அந்த மனிதரின் பேரை வாயால் சொன்னதில்லை. "கண்டாக்கு" என்றால் பஞ்சாயத்துக்கு அவமரியாதை, "முனி" என்றால் தனக்கே அவமரியாதை. அவசியப்பட்டால் மோவாயை மலைப் பக்கம் காட்டுவாள். மற்ற எல்லார் பேரையும் எல்லார் கதையையும் மட்டும் மூச்சு விடாமல் பேசுவாள். யார் காம்பராவில் கருவாட்டு வாசம், யார் வீட்டுச் சண்டை எந்த ராத்திரி எதற்காக, எல்லாம் அவளிடம் கிடைக்கும். தன் கதை ஒன்றைத் தவிர.

இப்படியே பதினேழு வருஷம் ஓடி அறுபத்தைந்து வந்தது. மகன் கந்தப்பனுக்குப் பூண்டுலோயாவிலிருந்து பெண் எடுத்தார்கள். அழகம்மா என்று பேர், பத்தொன்பது வயது, கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் அப்பாவி வாய். வந்த வாரமே பீலியடியில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்:

"ஏன் அத்தே, இந்த முனி ஆம்பளைங்கள அடிக்காதா?"

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அது பொம்பளப் பித்துப் பிடிச்ச முனி, புள்ள" என்றாள் பேச்சியம்மா. "நீ தண்ணியப் புடி."

அந்த வெள்ளிக்கிழமைப் பெரட்டில் பனி இன்னும் விலகவில்லை. கண்டாக்கையா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையைப் பார்த்தார். ஆள் கொஞ்சம் பருத்து, காதோரம் நரைத்திருந்தார். கைத்தடி மட்டும் பழையது. அது வரிசையில் ஊர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றது.

"யாரு, மூக்கன் மருமகளா? திங்கக்கெழம ஏழாம் நம்பர். புது ஒரம் வந்திருக்கு. காம்பராவைக் கூட்டி வைக்கணும். ஒரு ஆளு போதும்."

அம்மாக்கண்ணு நின்ற இடத்திலேயே படங்குச் சாக்கை இடுப்பில் இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினாள். ஏற்கெனவே கட்டியிருந்ததுதான்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் நேரே மூக்கனிடம் போனாள். அவன் வாசலில் உட்கார்ந்து அடுத்த பூசைக்கு உடுக்கைக் கயிற்றை முறுக்கேற்றிக்கொண்டிருந்தான்.

"இந்தா, காதுல விழுந்துச்சா? திங்கக்கெழம நம்ம வீட்டுப் புள்ளய அங்க அனுப்புறாங்க."

"எலுமிச்சம்பழம் மந்திரிச்சுத் தாரேன்" என்றான் மூக்கன், கயிற்றைப் பார்த்தபடியே. "மடியில வச்சுக்கிட்டுப் போகட்டும். ஒண்ணும் அண்டாது."

"இத்தினி வருசமா எத்தினி பேரு ஒன் பழத்த மடியில வச்சுக்கிட்டுப் போனாளுக? பழம் நசுங்கித்தானே வந்துச்சு?"

மூக்கன் கயிற்றை இன்னும் முறுக்கினான். கயிறு அறுந்துபோகும் அளவுக்கு முறுக்கேறிவிட்டது.

மகன் கந்தப்பனுக்கு அரசல்புரசலாக எல்லாம் தெரியும். இந்தத் தோட்டத்தில் தெரியாமல் வளர முடியாது. அவன் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தான்.

"வச்சிருடா அதை" என்றாள் அம்மாக்கண்ணு. "நீ குத்திட்டு ஜெயிலுக்குப் போவ. செத்தவரு உத்தமரா ஆயிருவாரு. மூணு கல்லு இருக்கிற எடத்துல ஆறு கல்லு நடுவாங்க."

"அப்பன்னா அழகம்மா வேலைக்குப் போக வேணாம்."

"போகாட்டி பேர வெட்டுவாங்க. அப்புறம் காம்பராவக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்கிட்டுப் போற?"

கந்தப்பன் கத்தியைக் கீழே வைத்தான். நாற்பத்தெட்டில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த கையோடு பிரஜாவுரிமையையும் பறித்துக்கொண்டார்கள். இந்தியாக்காரனும் இல்லை, இலங்கைக்காரனும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராதான் இவர்களுக்கு நாடு. அதையும் விட்டுவிட்டு எங்கே போவது?

மறுநாள் தலைவர் பழனியாண்டி வீட்டுக்குப் போனாள். தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு, யாரும் இல்லாத முற்றத்தில் மேடைப்பேச்சுக்குக் குரல் பழக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தணித்தார்.

"அக்கா, சம்பளப் பிரச்சினைன்னா சொல்லு, நாளைக்கே வேலைய நிப்பாட்டிருவேன். கொழுந்து நிறுவையில கொறைக்கிறான்னா சொல்லு, தராசத் தூக்கி வீசிருவேன். இது முனி விசயம். மதம் சம்பந்தப்பட்டது. யூனியன் தலையிடப்படாது."

"அது முனியில்லேன்னு ஒனக்குத் தெரியாதா தலைவரே?"

"தெரியிறது வேற, தீர்மானம் போடுறது வேற. சாட்சி வேணும்ல? வேணும்னா ஒண்ணு செய்யலாம்." தலைவர் யோசித்தார். "முனி பூசைக்கு அரைநாள் பத்தாது, முழுநாள் லீவு கேட்டுப் பாப்பம்."

உள்ளே அடுப்படியில் தலைவர் பெண்சாதி ராக்காயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

வழி இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அம்மாக்கண்ணு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் அழகம்மா சேலையை அலசிக்கொண்டே, சும்மா இருக்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

"அத்தே, முனி கண்டாக்கையா ரூபத்துல வருமாமே?"

"அப்படித்தான் பஞ்சாயத்துல சொன்னாங்க."

"எங்க பூண்டுலோயாப் பக்கம் ஒரு பேய் வந்துச்சு. எங்க சித்தி வெளக்கமாத்தாலயே நாலு போட்டுச்சு, மொளகாப் புகை போட்டுச்சு, ஓடிப்போச்சு. இங்க ஏன் அத்தே யாருமே அதை அடிக்கல?"

அம்மாக்கண்ணு துவைப்பதை நிறுத்தினாள். மருமகளைப் பார்த்தாள். சவர்க்காரம் கையிலிருந்து நழுவி ஓடையில் போனது, அதைக்கூடப் பிடிக்கவில்லை. முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அப்புறம் தோள் குலுங்கியது. மாமியார் அழுகிறாள் என்று அழகம்மா பயந்துவிட்டாள். அம்மாக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி!" என்று கரைக்கு மேலே பார்த்துக் கத்தினாள். "ஏ பேச்சி! கீழ எறங்கி வாடி. ஒனக்கு வெளக்கமாறு எத்தினி இருக்கு?"

திங்கட்கிழமை காலையில் அழகம்மா ஆபீசில் சாவி வாங்கி உரக்காம்பராவைத் திறந்துவிட்டாள். ஆறேழு பேர் வந்தால் போதும் என்று அம்மாக்கண்ணு நினைத்திருந்தாள். முனி அடித்தவர்கள் என்று ஊருக்குத் தெரிந்தவர்கள் அவ்வளவுதான். ஓடைப் பாதையாக ஒவ்வொருத்தியாக வந்தார்கள், கூவாமல். ஊருக்குத் தெரிந்தவர்கள் வந்து முடிந்த பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். பால் கறக்கிறவள் வந்தாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா ஆயா வந்தாள். போன மாசம்தான் கல்யாணமான ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். கடைசியாகத் தலைவர் பெண்சாதி ராக்காயி, கையில் ரொட்டிக் கட்டையோடு. பேச்சியம்மா நகர்ந்து இடம் விட்டாள். மூட்டைகளுக்குப் பின்னால் இடம் போதாமல் பாதிப் பேர் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி உட்கார்ந்தார்கள்.

"இம்புட்டுப் பேரா?" என்று அழகம்மா காதுக்குள் கேட்டாள்.

"பேசாம இரு. நெருப்பு அணையாமப் பாத்துக்க" என்றாள் பேச்சியம்மா. அழகம்மா முன்னால் தணல் சட்டி. முந்தானையில் ஒரு கை காய்ந்த மிளகாய்.

மருமகளின் சிவப்புத் தலைத்துண்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி அம்மாக்கண்ணு கூட்டத் தொடங்கினாள். அவள் இந்தக் கொட்டகைக்குள் கால் வைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. அதே தகரம், அதே உர நெடி. கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள்.

முதல் நிறுவைக்குக் கொழுந்துக்காரிகள் கீழே இறங்கும் நேரம் சப்பாத்துச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தது. கதவு சாத்தப்பட்டது. உள்தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மாக்கண்ணு திரும்பினாள்.

கண்டாக்கையா ஏமாந்துபோனார். அவ்வளவுதான். பயமோ வெட்கமோ எதுவும் அந்த முகத்தில் வரவில்லை. "நீ மூக்கன் பொஞ்சாதியில்ல? நீ எதுக்கு வந்த? ஒம் மருமகள் எங்க?" என்றார். பதினேழு வருஷமாக அவள் சோற்றிலும் தூக்கத்திலும் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அவளை மூக்கன் பெண்சாதியாக மட்டும்தான் ஞாபகம்.

அவள் விளக்குமாற்றை அடிப்பக்கம் இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்கடி" என்றாள் அம்மாக்கண்ணு. "முனி வந்திருச்சு."

மூட்டைகள் எழுந்து நின்றன. கண்டாக்கையாவுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். முதல் விளக்குமாறு தொப்பியைத் தட்டியது, இரண்டாவது தொப்பி இருந்த இடத்தை. தணலில் மிளகாய் விழுந்தது. தாழ்ப்பாளை நோக்கி ஓடினார். அவரே இறுக்கிப் போட்ட தாழ்ப்பாள், அவருக்கே வரவில்லை. ஒருவழியாகத் திறந்தபோது வெளியே கானிலிருந்து ஏறியவர்கள் நின்றார்கள்.

"ஏய்! யாருன்னு நெனைச்சீங்க? நான்தான்டி கண்டாக்கு!"

"பாத்தியா?" என்றாள் பேச்சியம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "முனி அப்படித்தான் சொல்லும்னு பஞ்சாயத்துலயே சொல்லியிருக்காங்க. அந்தக் குரலப் பாரு, அச்சு அசல்!"

"ஐயாவோட சட்டையக் கூட விட்டு வைக்கல, மூதேவி முனி" என்றாள் ராக்காயி, ரொட்டிக் கட்டையை இன்னொரு தரம் இறக்கியபடி. "எங்க ஐயா எம்புட்டு நல்லவரு. அவரு பேரக் கெடுக்கவா வந்த?"

கூடைக் கயிற்றால் கையைக் கட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, வேப்பிலைக்குப் பதில் தேயிலைக் கொப்பால் விளாசிக்கொண்டே பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல பகல். கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கத்தியோடு ஓடிவந்தார்கள், வந்து வட்டமாக நின்றார்கள். கந்தப்பனும் நின்றான். தலைவர் வந்தார், பெண்சாதி கையில் இருக்கிற கட்டையைப் பார்த்ததும் வேறு ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அட, அது ஐயாடி!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஐயாவா?" அம்மாக்கண்ணு அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது ஐயான்னா ஒரக்காம்பராவுல தாப்பாப் போட்டது ஐயா. அன்னைக்கும் ஐயா. இவ விசயத்துலயும் ஐயா, அந்தா நிக்கிறாளே அவ விசயத்துலயும் ஐயா. முனின்னா, முனிக்குச் செய்ய வேண்டியத நாங்க செய்யிறோம். ரெண்டுல எது? பூசாரி சொல்லட்டும்."

கூட்டம் மூக்கனுக்கு வழி விட்டது. உடுக்கையைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தான், பழக்கதோஷம். கட்டிக் கிடந்தவர் அவனைப் பார்த்துக் கத்தினார்: "மூக்கா! சொல்லுடா! நான் யாருன்னு சொல்லுடா! ஒனக்குத் தெரியும்லடா!"

மூக்கன் அவரைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி, எல்லாரும் பார்க்க, தன் பெண்சாதியின் முகத்தை நேராகப் பார்த்தான். சிவப்புத் துண்டு நழுவித் தோளில் கிடந்தது. முடியில் உரத்தூள். பஞ்சாயத்தில் நின்ற அதே முகம், கொஞ்சம் வயதாகியிருந்தது.

"முனி" என்றான் மூக்கன்.

பெருமூச்சு விட்டது ஆண்கள் கூட்டம். எவ்வளவு வசதியான பதில்! இத்தனை வருஷமும் யாரும் பொய் சொல்லவில்லை என்றாகிவிட்டது.

"அப்ப பூசைய முடி" என்று அம்மாக்கண்ணு விளக்குமாற்றை அவன் கையில் கொடுத்தாள்.

மூக்கன் உடுக்கையைக் கீழே வைத்தான். முதல் அடியைச் சம்பிரதாயத்துக்குத்தான் போட்டான், தோளில், மெதுவாக. இரண்டாவது கொஞ்சம் பலமாக. மூன்றாவதுக்குப் பிறகு மந்திரம் நின்றுவிட்டது. விளக்குமாறு பிய்ந்து குச்சி குச்சியாகப் பறந்தது. வெறும் கையாலும் அடித்தான். "நான் எங்கடா போவேன்... நான் எங்கடா போவேன்..." என்று என்னவோ சொல்லிக்கொண்டே அடித்தான். முனி ஓட்டுகிற பூசாரி அழமாட்டான், இவன் அழுதான். கந்தப்பன்தான் போய் அப்பனை இடுப்பில் கட்டிப் பிடித்து இழுத்தான்.

துரை குதிரையில் வந்து விசாரித்தார். துரைக்குத் தமிழ் பாதி வரும்.

"யாரை அடிச்சது நீங்க?"

"முனி, தொரை" என்றது களம் முழுவதும்.

"முனி எங்க இருந்து புடிச்சது?"

"ஒரக்காம்பரா தொரை. உள்ளுக்குள்ள தாப்பா போட்டிருந்துச்சு."

துரை கண்டாக்கையாவைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே என்ன செய்தார் என்று சொல்லாமல், அடிபட்டது முனியில்லை என்று நிறுவக் கண்டாக்கையாவுக்கு வழி தெரியவில்லை. கெட்டிக்காரர்தான், ஆனால் முனியைத் தயார் செய்தபோது இந்தப் பக்கத்துக்குக் கதவு வைக்க மறந்துவிட்டார். துரைக்கும் அவ்வளவு தோண்ட விருப்பமில்லை. துரைசாணியின் படம் வேறு சுவரில் தொங்குகிறது.

மாத முடிவில் கண்டாக்கையாவுக்குப் பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றுக்கு மாற்றல். உத்தியோகத்தர் கிளப்பில் தேநீர் விருந்து, மாலை, படம் பிடிப்பு. அப்பழுக்கில்லாத சேவை என்று துரை பேசினார். தலைவர் பழனியாண்டியும் தொழிலாளர் சார்பில் இரண்டு வார்த்தை பேசியிருப்பார். ராக்காயி அன்றைக்கு வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டதால் அவர் போகவில்லை.

அதற்கப்புறம் முனி யாரையும் அடிக்கவில்லை. பூசாரி ஓட்டிய ஓட்டு அப்படி என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூக்கனைக் கூப்பிட ஆள் வந்தது. அவன் போகவில்லை. உடுக்கையை ஆணியில் மாட்டிவிட்டான். சாயந்தரங்களில் அம்மாக்கண்ணு வெற்றிலை இடிக்கும்போது எதிரில் வந்து உட்காருவான். அவள் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. இடித்ததில் ஒரு பங்கைத் தள்ளி வைப்பாள், சில நாள்.

பெண்கள் இன்னும் வளைவில் கூவிக்கொண்டுதான் ஏறினார்கள். தனியாக வந்தால் இன்னும் ஓடையைச் சுற்றித்தான் போனார்கள். "அதான் போயிருச்சே, இன்னும் எதுக்குடி சுத்துறீங்க?" என்று கங்காணி ஏசினார். கால்களிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை போல.

அழகம்மாதான் ஒரு நாள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவலை நிறுத்தினாள். "அத்தே, பூண்டுலோயாவுக்கா போயிருக்காரு? ஏந் தங்கச்சி அங்கதானே கொழுந்துக்குப் போறா?"

அம்மாக்கண்ணுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே ஓட்டினோம், சரி. எங்கே ஓட்டினோம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜமால்தீன் நானா லயத்துக்கு வந்தார். சேலைப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஹட்டனிலிருந்து கொத்மலை வரைக்கும் தோட்டம் தோட்டமாக நடக்கிற வியாபாரி. வாசலில் பொட்டணியை அவிழ்த்தார். வரிசை லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள், வாங்காவிட்டாலும் தொட்டுப் பார்க்க.

"நானா, அடுத்து எங்க போறீங்க?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"பூண்டுலோயாத்தான் புள்ள. ஏன், சம்பந்தி வீட்டுக்கு ஏதும் கொடுத்து விடணுமா?"

அம்மாக்கண்ணு உள்ளே போய்ப் புது விளக்குமாறு ஒன்றை எடுத்துவந்து பொட்டணி மேல் வைத்தாள். நானா அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க இருக்கிற பொம்பளைங்ககிட்ட இதக் குடுத்து, எங்க ஊரு முனி அங்க மாத்தலாகி வந்திருக்குன்னு சொல்லுங்க. ஒரக்காம்பராவுக்கு ஒரு ஆளு போதும்னு சொன்னா ஒரு ஆளாப் போகாதீங்கன்னு சொல்லுங்க."

"முனிக்கெல்லாம் மாத்தல் உண்டா புள்ள?" நானா சிரித்தார். சுற்றி நின்ற யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, சொல்றேன். என்ன மாதிரி முனின்னு கேப்பாங்களே. எப்படி அடையாளம் சொல்றது?"

அம்மாக்கண்ணு வழக்கம்போல மோவாயை மலைப் பக்கம் தூக்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"காக்கிச் சட்ட, சப்பாத்து, கையில தடி" என்றாள். செருமிக்கொண்டாள். லயத்துக் கடைசியிலிருக்கும் தொங்கல் காம்பராவரைக்கும் கேட்கிற மாதிரி, பெரிய கங்காணி வாசலில் அன்றைக்கு நின்ற குரலில், சொன்னாள்:

"பேரு கணேசமூர்த்தி. முனியில்ல நானா, மனுசன். கணேசமூர்த்தி."

பேச்சியம்மா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். "கணேசமூர்த்தி" என்றாள் அவளும். ராக்காயி சொன்னாள். பிள்ளைக்காம்பரா ஆயா சொன்னாள். அந்தப் புதுக் கல்யாணக்காரி உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள்.

"வெளங்கிருச்சு" என்றார் ஜமால்தீன் நானா. விளக்குமாற்றைப் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துப் பொட்டணியைக் கட்டினார்.